இரண்டு வினாடி ஒளி

இரவில் முற்றத்தில் நின்று வானை நோக்குங்கால், அங்கே அமைதி குடிகொண்டிருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் நம் கண்கள் காண்பது ஒளியின் ஒரு சிறு கூறே. காமா கதிர்களைக் காணும் ஆற்றல் நமக்கு வாய்த்திருக்குமாயின், ஏறத்தாழ நாளுக்கு ஒருமுறை வானின் ஏதோ ஒரு மூலையில் பேரொளி தோன்றி மறைவதைக் கண்டிருப்போம். இவற்றைக் காமா கதிர் வெடிப்புகள் என்பர் விஞ்ஞானிகள்.

இவை கண்டுபிடிக்கப்பட்ட வரலாறே விந்தையானது. காற்று மண்டலத்திலும் விண்வெளியிலும் அணுகுண்டுச் சோதனை செய்வதில்லை என்று 1963-ல் வல்லரசுகள் சில உடன்படிக்கை செய்துகொண்டன. அதனை எவரேனும் மீறுகின்றனரா என்று கண்காணிக்க, அமெரிக்கா 'வேலா' என்னும் செயற்கைக் கோள்களை ஏவியது. 1967 ஜூலை 2-ஆம் நாள் அவை பதிவு செய்த காமா கதிர்கள் அணுகுண்டின் இயல்பை ஒத்திருக்கவில்லை. பின்னர் இத்தகைய பதிவுகள் பலவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்த லாஸ் அலமோஸ் விஞ்ஞானிகள், அவை பூமியிலோ சூரியனிலோ தோன்றியவை அல்ல என்று 1973-ல் அறிவித்தனர். பகைவனை வேவு பார்க்கச் சென்ற கண், பேரண்டத்தின் மறைபொருள் ஒன்றைக் கண்டது!

இவ்வெடிப்புகள் இருவகைப்படும் என்பது 1993-ல் தெளிவாயிற்று. இரண்டு வினாடிக்கு மேல் நீடிப்பவை நெடியவை; அதற்குட்பட்டவை குறியவை. கண் இமைத்து முடியுமுன் மறையும் குறிய வெடிப்பை அளப்பது எங்ஙனம்?

காமா கதிர்களைக் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால், கருவி விண்வெளியில் இருந்தாக வேண்டும். 2008 ஜூன் 11-ஆம் நாள் ஏவப்பட்ட ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியில், வெவ்வேறு திசை நோக்கி 12 சோடியம் அயோடைடுப் படிகங்கள் பொருத்தப்பட்டன; மிகு ஆற்றல் கதிர்களுக்கென வேறு இரண்டு படிகங்களும் உண்டு. காமா கதிர் படிகத்தில் பட்டதும் சிறு ஒளி எழும். அதனைக் கருவி எண்ணிக்கொள்ளும். விண்வெளியில் எப்போதும் ஓரளவு கதிர்வீச்சு இருப்பதால், வழக்கமான எண்ணிக்கையைக் கருவி கணித்துக்கொண்டேயிருக்கும். இரண்டு படிகங்களிலாவது ஒரே நேரத்தில் எண்ணிக்கை திடீரென உயர்ந்தால்தான் வெடிப்பு என்று கொள்ளும். ஒரே சாட்சியின் சொல்லை அது ஏற்பதில்லை! கதிர் வந்த திசையை நோக்கிய படிகத்தில் எண்ணிக்கை மிகுதியாகவும், பக்கவாட்டில் உள்ளதில் குறைவாகவும் இருக்கும். அவ்வேறுபாட்டைக் கொண்டு திசையை உத்தேசமாக அறியலாம்.

இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றாகும்போதே குறிய வெடிப்பு நிகழ்கிறது என்பது நெடுநாளைய கருத்து. ஆனால் நேரடிச் சான்று வேண்டுமே! அது 2017 ஆகஸ்டு 17-ஆம் நாள் கிடைத்தது. அன்று அமெரிக்காவின் லிகோ நிலையங்களும் இத்தாலியின் விர்கோ நிலையமும் இத்தகைய மோதலின் ஈர்ப்பு அலையைப் பதிவு செய்தன. அது முடிந்து ஏறத்தாழ 1.7 வினாடியில் ஃபெர்மி ஒரு குறிய வெடிப்பைக் கண்டது. செய்தி பறந்தது, உலகெங்கும் தொலைநோக்கிகள் திரும்பின. சுமார் 11 மணி நேரத்தில், சிலியிலிருந்த ஸ்வோப் தொலைநோக்கி அதன் ஒளியைக் கண்டது. இடம், 13 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்.ஜி.சி. 4993 என்னும் விண்மீன் மண்டலம்.

இதன் பயன் யாது? 13 கோடி ஆண்டுகள் பயணம் செய்தும், இரண்டும் 1.7 வினாடி இடைவெளியில் வந்தடைந்தமையால், ஈர்ப்பு அலையும் ஒளியும் ஒரே வேகத்தில் செல்கின்றன என்பது மிக நுட்பமாக மெய்ப்பிக்கப்பட்டது. மேலும், இத்தகைய மோதல்களில் பொன், பிளாட்டினம் போன்ற கனமான தனிமங்கள் உருவாகின்றன என்பதற்கும் அவ்வொளியில் சான்று கிடைத்தது. நம் இல்லத்துப் பெண்டிரின் தாலியில் மின்னும் பொன்னில் ஒரு பகுதியேனும், பூமி தோன்றுமுன்னரே நிகழ்ந்த அத்தகைய மோதலில் பிறந்ததாயிருக்கலாம்!

எனினும் இரண்டு வினாடி என்ற எல்லை முடிந்த முடிவன்று. 2021 டிசம்பர் 11-ஆம் நாள் தோன்றிய ஒரு வெடிப்பு சுமார் ஒரு நிமிடம் நீடித்தும், மோதலுக்குரிய அடையாளங்களையே காட்டிற்று. அளந்ததை மீண்டும் அளந்து, வகுத்ததை மீண்டும் வகுப்பதே அறிவியல் நெறி. ஓயாது விழித்திருந்த கருவிக்கே அந்த இரண்டு வினாடி கிட்டிற்று என்பதை நம் இளைஞர்கள் நினைவிற் கொள்வார்களாக.