கோபமே உணவாக
மனம் என்னும் களம் – 14

1930-களில் அமெரிக்க நகரங்களில், ஜன்னல்கள் திறந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் தெருவில் நடந்து போனால் ஒரே குரல் வீட்டுக்கு வீடு தொடர்ந்து வருமாம். ஒரு சொல்லைக்கூடத் தவறவிடாமல் முழுப் பேச்சையும் நடந்தபடியே கேட்டுவிடலாம் என்று அந்தக் காலத்து மனிதர்கள் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அந்தக் குரல் சார்லஸ் காக்லின் என்ற கத்தோலிக்கப் பங்குத்தந்தையுடையது. மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டிய ராயல் ஓக் என்ற ஊரில் அவருடைய கோயில். வாரந்தோறும் 3 கோடிப் பேர்வரை கேட்டார்கள் என்பது அக்கால மதிப்பீடு. வந்து குவிந்த கடிதங்களைப் பிரிப்பதற்கே நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தர்கள் வேலை பார்த்தார்கள். கடித உறைக்குள் பெரும்பாலும் ஒரு டாலர் நோட்டும் இருக்கும்.

சிலர் ஏன் கோபத்திலேயே வாழ்கிறார்கள், கோபம் தணிந்தால் ஏன் வாடிப்போகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் காக்லினைவிட அவருடைய நேயர்களே அதிகம் உதவினார்கள். அவர்கள் பிறவிச் சண்டைக்காரர்கள் இல்லை. கார்த் தொழிற்சாலையில் உழைத்தவர்கள், சிறு கடை வைத்திருந்தவர்கள், வங்கியில் பணம் போட்டு வைத்திருந்த குடும்பத்தார். 1933-ல் அந்த நாட்டில் உழைக்கும் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று மிச்சிகன் மாநிலத்து வங்கிகள் அனைத்தையும் மூடச் சொல்லி ஆளுநரே உத்தரவிட்டார். சொந்தச் சேமிப்பை எடுக்க முடியாமல் மக்கள் வீதியில் நின்றார்கள். அவர்கள் கோபத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. அதை யாரும் மறுக்கக் கூடாது.

வேலை போன மனிதனுக்கு முதலில் வருவது கோபம் இல்லை. பயம் வரும், அதைவிட அதிகமாக வெட்கம் வரும். நான் என்ன தப்புச் செய்தேன், பக்கத்து வீட்டுக்காரன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தன்னையே குடைந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அப்போது வானொலியில் கம்பீரமான ஒரு குரல், தப்பு உன்னுடையது இல்லை, உன்னை ஏமாற்றியவர்கள் இன்னார் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. உள்ளே திரும்பியிருந்த கத்தி வெளியே திரும்புகிறது. கூனியிருந்த முதுகு நிமிர்கிறது. அந்த நிமிர்வு உண்மையானது. அதை ஒருமுறை ருசித்தவன் அடுத்த ஞாயிற்றுக்காகக் காத்திருப்பதில் வியப்பே இல்லை.

இதற்கு நல்ல சான்று பின்னாளில் கிடைத்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குச் சில வாரங்கள் கழித்து உளவியலாளர் ஜெனிஃபர் லெர்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஏறக்குறைய ஆயிரம் அமெரிக்கர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பகுதியினர் மனத்தில் தாக்குதலைப் பற்றிய பயத்தைக் கிளறினார்கள், இன்னொரு பகுதியினர் மனத்தில் கோபத்தை. பயந்தவர்கள் தங்களுக்கு வரக்கூடிய ஆபத்துகளைப் பெரிதாகக் கணித்தார்கள். கோபப்பட்டவர்களோ குறைவாகக் கணித்தார்கள். எதிர்காலத்தை அதிக நம்பிக்கையோடு பார்த்தார்கள். நடந்தது ஒரே சம்பவம், நாடும் ஒன்றே. பயத்தோடு ஒப்பிட்டால் கோபம் மனிதனுக்கு உறுதியும் தெம்பும் தருகிறது. யார் எதிரி, எது சரி என்ற சந்தேகங்களையும் அது தீர்த்து வைத்துவிடுகிறது. கோபத்தைத் துன்பம் என்று மட்டும் நினைத்தால், அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களை நம்மால் ஒருநாளும் புரிந்துகொள்ள முடியாது.

ஆனால் இந்தத் தெம்பு நிற்காது. அடுத்த வாரத்துக்கு அடுத்த கோபம் வேண்டும். காக்லினின் எதிரிகள் பட்டியலைப் பாருங்கள். 1926-ல் அவர் வானொலியில் பேசத் தொடங்கியபோது சொன்னது குழந்தைகளுக்கான ஞானோபதேசம். 1930 வாக்கில் கம்யூனிஸ்டுகளைச் சாடினார். பிறகு வங்கி முதலாளிகளையும் அதிபர் ஹூவரையும். 1932-ல் ஹூவரை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்ற ரூஸ்வெல்ட்டைத் தூக்கிப் பிடித்தார், அவர் வராவிட்டால் நாடே அழியும் என்றார். ரூஸ்வெல்ட் வந்தார். வங்கிகள் திறந்தன, வேலைத் திட்டங்கள் வந்தன. துன்பம் தீரவில்லைதான், ஆனாலும் குறையத் தொடங்கியது. கோபம் குறையவேண்டிய நேரம் அது. காக்லினோ 1936 ஜூலையில் கிளீவ்லாந்து மேடையில் மேலங்கியையும் பாதிரியார்க் கழுத்துப்பட்டையையும் கழற்றிவிட்டு, அதே ரூஸ்வெல்ட்டைப் பொய்யர், துரோகி என்று முழங்கினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. சில நாளில் மன்னிப்புக் கேட்டார், தாக்குதலை நிறுத்தவில்லை.

இடையில் இன்னொன்றும் நடந்தது. நாணயத்துக்கு வெள்ளியைப் பயன்படுத்தவேண்டும் என்று அவர் வாரந்தோறும் வாதாடிக்கொண்டிருந்தார். 1934-ல் அரசாங்கம் வெள்ளியில் முதலீடு செய்தவர்களின் பட்டியலை வெளியிட்டது. காக்லினுடைய வானொலி அமைப்பின் பணத்தில் அவருடைய செயலாளர் பெயரில் வாங்கிய 5 லட்சம் அவுன்ஸ் வெள்ளி ஒப்பந்தங்கள் அதில் இருந்தன. நேயர்கள் அனுப்பிய டாலர்கள் ஊக வணிகத்துக்குப் போயிருந்தன. சூதாடும் பணக்காரர்களை வாரந்தோறும் திட்டிய ஒருவருக்கு இது போதும், ஆள் முடிந்தார் என்று நாம் நினைப்போம். பெரும்பாலான நேயர்கள் விலகவில்லை. அவர்கள் அவரிடம் தேடி வந்தது நேர்மையையோ பொருளாதார அறிவையோ இல்லை. தேடி வந்த நிமிர்வு கிடைத்துக்கொண்டிருந்தது.

1936 தேர்தலில் தன் வேட்பாளர் வில்லியம் லெம்கிக்கு 90 லட்சம் வாக்குகள் வாங்கித் தராவிட்டால் வானொலியை விட்டே போய்விடுகிறேன் என்றார் காக்லின். 9 லட்சம்கூடத் தேறவில்லை. சொன்னபடி நவம்பரில் விடைபெற்றார். ஜனவரியில் திரும்பி வந்துவிட்டார். கேட்கிறவர்களால் மட்டுமல்ல, பேசுகிறவராலும் அதை விட்டு இருக்க முடியவில்லை.

கொட்டித் தீர்த்தால் கோபம் அடங்கிவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 600 மாணவர்களை வைத்துச் செய்து 2002-ல் வெளியிட்ட சோதனை இதை நேராக மறுக்கிறது. மாணவர்கள் எழுதிய கட்டுரையை மட்டமாகத் திட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு சாராரைத் திட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார்கள். இன்னொரு சாரார் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களின் கோபம்தான் அதிகமாக இருந்தது, பழிதீர்க்கும் வேகமும் சும்மா இருந்தவர்களைவிட அவர்களிடமே கூடுதல். எதிரியை நினைத்துக்கொண்டு காட்டும் கோபம் நெருப்பில் வார்த்த நெய்தான். காக்லினின் நேயர்கள் இதை ஞாயிறுதோறும், ஆண்டுக்கணக்கில் செய்தார்கள்.

அது எங்கே போய் முடிந்தது? 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் வழிபாட்டுக்கூடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன. பத்தே நாட்களில் காக்லின் வானொலியில் அந்தக் கொடுமைக்குச் சாக்குச் சொன்னார். கம்யூனிசத்துக்கு எதிரான தற்காப்பே நாஜிக் கட்சி என்றார். அடுத்த பேச்சுகளை ஒலிபரப்ப நியூயார்க்கின் டபிள்யூ.எம்.சி.ஏ. நிலையம் மறுத்தது. உடனே அவருடைய ஆட்கள் நிலையத்தின் முன்னால் ஞாயிறுதோறும், மாதக்கணக்கில், பதாகை பிடித்து மறியல் செய்தார்கள். குளிரில் நின்ற அந்த வரிசையைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். வேலையிழந்த, ஊரில் யாரும் மதிக்காத ஒருவனுக்கு அங்கே தோழர்கள் கிடைத்தார்கள், முழக்கம் கிடைத்தது, தான் நல்லவர்களின் பக்கம் நிற்கிறோம் என்ற நினைப்பும் கிடைத்தது. வரிசையை விட்டு வெளியே வந்தால் மறுபடி தனிமைதான். அதற்காக ஒரு மக்கள்கூட்டத்தையே வெறுக்க அவன் தயாராகிவிட்டான். இரக்கப்படலாம், மன்னிக்க முடியவில்லை.

கோபமே கூடாது என்று இதைப் படித்து யாராவது முடிவுகட்டினால் அது பெருந்தவறு. காக்லின் வானொலிக்குத் திரும்பிய அதே 1937 ஜனவரியில், அதே மிச்சிகனில், ஃபிளின்ட் நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளுக்குள் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் கோபம்தான். இயந்திர வேகத்தைக் கூட்டிக் கூட்டி உயிரை எடுத்த மேற்பார்வையாளர்கள் மீது கோபம். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசிச் சுட்டது, வெளியேறவில்லை. ஆனால் அவர்களுக்கு வேண்டியது என்ன என்று கேட்டால் பதில் இருந்தது: எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள். 44 நாட்களுக்குப் பிறகு, பிப்ரவரி 11 அன்று, நிறுவனம் கையெழுத்திட்டது. அவர்கள் ஆலையை விட்டு வெளியே வந்தார்கள்.

என்ன கொடுத்தால் வெளியே வருவாய் என்ற கேள்விக்குக் காக்லினின் நேயர்களிடம் பதில் கிடையாது. நியாயமான கோபத்தையும் கோபத்தைத் தின்று வாழ்வதையும் பிரிக்க இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. 1942-ல் பேராயர் எட்வர்ட் மூனி கட்டளையிட்டபின் காக்லின் வாய்மூடினார். 1966 வரை அதே கோயிலில் பங்குத்தந்தையாக இருந்து, 1979-ல் தம் 88-ஆவது வயதில் இறந்தார்.

ஃபிளின்ட் ஆலைக்கு வெளியே அந்த 44 நாட்களும் என்ன நடந்தது, தொழிலாளர்களின் மனைவியர் எப்படி ஒரு படையாகத் திரண்டார்கள் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)