கிட்டார் பெட்டிக்குத் துணிப் போர்வை

நெசவாளர் சங்கங்களில் இருப்புச் சோதனை செய்யும்போது தவறாமல் கண்ணிற்படும் இனம் ஒன்று உண்டு. அது துண்டுத் துணி. கால் மீட்டர், அரை மீட்டர் என மிஞ்சி, அலமாரியின் அடித்தட்டில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து, முடிவில் எடைக்குப் போகும். அத்தகைய துண்டை விரும்பித் தேடும் ஒரு சாரார் உளர் என்பதையும், அவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது யாது என்பதையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெடல் என்பது யாது?

மின்சாரக் கிட்டாரின் தந்தி அதிர்வு, சிறு மின்னோட்டமாக மாறிக் கம்பி வழியே ஒலிபெருக்கியை அடைகிறது. இடையில் ஒரு சிறு பெட்டியை இணைத்து, அதன் பொத்தானைக் காலால் மிதித்தால், ஒலி கரகரப்பாகவோ எதிரொலியுடனோ மாறும். இப்பெட்டியே பெடல் எனப்படுகிறது. அமெரிக்காவின் கிப்ஸன் நிறுவனம் 1962-இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்னும் பெடலை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் பாடலொன்றில் அதன் ஒலி இடம்பெற்ற பின்னர் பெடலுக்குப் பெருங் கிராக்கி உண்டாயிற்று.

எளிய பெடலின் உள்ளே இருப்பவை ஒருசில டிரான்ஸிஸ்டர்களும் சிறு உறுப்புகளுமே. ஆகவே இதனை வீட்டிலேயே செய்வோர் பல நாடுகளிலும் பெருகியுள்ளனர். அவர்கள் வாங்கும் வெற்றுப் பெட்டி அலுமினிய வார்ப்பாலானது. கனடா நாட்டு ஹாமண்ட் நிறுவனத்தின் 1590பி என்னும் பெட்டி இவற்றுள் பெயர் பெற்றது. அதன் அளவு ஏறத்தாழ 112 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம், 31 மி.மீ. உயரம். பெட்டிகள் யாவும் ஒன்றுபோல் சாம்பல் நிறமாக இருப்பதால், சிலர் வர்ணம் பூசுவர். சிலர் துணி ஒட்டுவர். இசைக் கருவிக்குத் துணி போர்த்துவது புதிதன்று. 1940-களின் இறுதி முதல் 1960 வரையில் ஃபெண்டர் நிறுவனத்தின் ஒலிபெருக்கிகள் பல, பருத்தி ட்வில் துணி போர்த்தியே வெளிவந்தன.

நான் கண்ட நஷ்டம்

என் தமக்கையின் மகன் பொறியியல் மாணவன். தன் கையாலேயே ஒரு பெடல் செய்து, போர்த்துவதற்கு நல்ல கைத்தறித் துணி வேண்டும் என்று என்னிடம் கேட்டான். ஒரு விற்பனை நிலையத்தில் சிவப்பும் வெள்ளையுமான கட்டத் துண்டொன்றை வாங்கிக் கொடுத்தேன். கெட்டிச் சாயம் என்று கடையிற் கூறினர்; நானும் அவ்வாறே அவனிடம் கூறினேன். பசையின் ஈரம் பட்டதும் சிவப்பு இறங்கி, வெள்ளை முழுவதும் கறை படிந்துவிட்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. துணியை உரித்தெடுத்து, பெட்டியைத் தேய்த்து, மறுமுறை மில் துணியை ஒட்டிக்கொண்டான். சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட நான் அத்துணியைச் சோதிக்காமற் கொடுத்தேன். ஒரு துண்டு வீணாயிற்று. கைத்தறியை நாடி வந்த ஒருவனும் போய்விட்டான்.

செய்யும் முறை

முதலில் துளைகளை எல்லாம் இட்டு, பிசிறு நீக்க வேண்டும். பின்னர் பெட்டியின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். வழவழப்பான அலுமினியத்தில் பசை பிடிக்காது. துணியைக் கஞ்சி போக அலசி, உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். அலசாத துணி பசையின் ஈரத்தில் சுருங்கி, ஓரங்களில் விலகிவிடும்.

மேற்புறத்திற்கும் நான்கு பக்கங்களுக்குமாகச் சுமார் 20 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள துண்டு போதும். வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீவி ஒட்ட வேண்டும். மூலைகளில் மிகுந்த துணியை முக்கோணமாக வெட்டியெடுத்தால் தடிப்பு ஏற்படாது. ஒரு நாள் முழுதும் உலர்ந்த பின்பு, துளைகளின்மேல் உள்ள துணியைக் கூரிய கத்தியால் குறுக்காகக் கீறி, ஓரத்தோடு நறுக்க வேண்டும். அதன்மேல் நிறமற்ற வார்னிஷை மூன்று நான்கு முறை மெல்லியதாகப் பூசுவது அவசியம். காலால் மிதிபடும் பொருளல்லவா?

இரண்டு இடங்களில் துணி படலாகாது. அடிமூடி பொருந்தும் விளிம்பு ஒன்று. பெட்டியின் உட்புறம் மற்றொன்று. மின்சுற்றின் தரை இணைப்புப் பெட்டியின் உலோகத்தோடு தொடர்பு கொண்டிருப்பதாலேயே வெளியிலிருந்து வரும் இரைச்சல் தடுக்கப்படுகிறது. மூடிக்கும் பெட்டிக்கும் இடையே துணி நுழைந்தால் அத்தொடர்பு கெடும். ஜரிகைத் துணியாயின் மேலும் எச்சரிக்கை வேண்டும். அசல் ஜரிகை உலோகம். நறுக்கிய இழை ஒன்று உள்ளே விழுந்தாலும் மின்சுற்றில் குறுக்கிணைப்பு உண்டாகலாம்.

எத்தகைய துணி ஏற்றது?

நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தித் துணியே சிறந்தது. கலங்கலாக நெய்த துணி, துளையைச் சுற்றி இழை பிரிந்து நிற்கும். தடித்த துணியாயின் நட்டு திருகுவதற்கு மரை எட்டாது. பெரிய பூ வேலைப்பாட்டைவிடச் சிறு கட்டமும் புட்டாவும் இச்சிறு பெட்டிக்குப் பொருந்தும்.

எல்லாவற்றினும் முக்கியமானது சாயம். வாட் சாயமும், முறைப்படி சோப்பில் அலசி முடித்த ரியாக்டிவ் சாயமும் ஈரத்தைத் தாங்கும். டைரக்ட் சாயம் எளிதில் இறங்கும். சோதனையோ மிக எளிது. நனைத்த வெள்ளைத் துணியைச் சாயத் துணியின்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், வெள்ளையில் படியும் கறையே உண்மையைக் கூறிவிடும்.

நாம் செய்யத்தக்கது

இதனால் சங்கங்களின் தேக்கம் முழுதும் தீர்ந்துவிடும் என்று கூற நான் முன்வரவில்லை. 90 செ.மீ. அகலமுள்ள துணி ஒரு மீட்டர் இருந்தால் 30 பெட்டிகளுக்குப் போர்வை வெட்டலாம். தேவை அவ்வளவு சிறிது. ஆயினும் பெட்டி செய்வோர், பொம்மை செய்வோர், புத்தகம் கட்டுவோர் என்று சிறு துண்டு கேட்போர் பலர். துணியைப் பற்றி அவர்கள் அறிய விரும்புவது ஒன்றே. ஆகவே ஒவ்வொரு துண்டிலும் நூல் நம்பர், அகலம், சாயத்தின் வகை, ஈரச் சோதனையின் முடிவு ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு காகிதமே.

சாயம் இறங்கும் துணியாயின், இறங்கும் என்றே எழுதுக. 1960-களில் அமெரிக்காவில் 'மெட்ராஸ்' கட்டத் துணியைச் சாயம் ஒழுகும் துணி என்று விளம்பரம் செய்தே விற்றனர். மக்களும் தெரிந்தே வாங்கினர். குறையைச் சொல்லி விற்ற துணியைக் குறித்து எவரும் வருந்தியதில்லை. மறைத்து விற்ற ஒரு துண்டினால் வந்த நஷ்டத்தை நான் என் குடும்பத்திலேயே கண்டேன். அங்கத்தினர்கள் அடுத்த இருப்புச் சோதனைக்கு முன்பே அடித்தட்டுத் துண்டுகளை வெளியிலெடுத்து, ஈரச் சோதனை செய்து, சீட்டுக் கட்டி வைப்பார்களாக.