சுருதி தப்பும் மின்சாரம்

"மின்இரயிலைப் பற்றி என்ன படிக்கிறாய்?" என்று அப்பா கேட்டபோது, தமிழில் சொல்லத் திணறினேன். அந்தத் திணறலுக்கு விடைதான் இக்கட்டுரை.

நம் கேடிஎம் மின்இரயில்கள் 25,000 வோல்ட் மின்சாரத்தில் ஓடுகின்றன. அது விநாடிக்கு 50 முறை ஏறி இறங்கும் சீரான அலை. இரயிலின் மின்மாற்றுக் கருவி அதைச் சீரின்றி இழுத்தால் 150, 250, 350 ஹெர்ட்ஸ் எனக் கிளை அலைகள் பிறந்து சுருதியைக் கெடுக்கும். இவையே ஹார்மோனிக். இவற்றால் டிரான்ஸ்பார்மர் சூடேறும். தண்டவாளச் சமிக்ஞையும் தடுமாறலாம்.

தீர்வு இரண்டு. துணைமின் நிலையத்தில் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த வடிகட்டி, குறிப்பிட்ட கிளை அலைக்கு எளிய வழிவிட்டு அங்கேயே அடக்கிவிடும். மற்றொன்று, இரயிலுக்குள்ளேயே விநாடிக்குப் பல நூறு முறை திறந்து மூடும் மின்னணு விசைகளால் மின்னோட்டத்தைச் சீராக இழுப்பது. முன்னது வந்தபின் மருந்து. பின்னது வருமுன் காப்பு.

அப்பாவுக்குப் புரிந்தது. எனக்கும் அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது.