மூன்றடுக்கு இறக்கை

இந்திய விமானப் படையில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் ‘ஆவ்ரோ’ என்ற பெயர் புழங்கியிருக்கும். கான்பூரில் கட்டிய இரட்டை எஞ்சின் விமானம் அது. ஏதோ லத்தீன் சொல் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை, ஓர் ஆளின் பெயர்ச் சுருக்கம்: ஏ. வி. ரோ.

அலியட் வெர்டன் ரோ 1877இல் மான்செஸ்டர் அருகே ஒரு டாக்டர் வீட்டில் பிறந்தார். ரயில்வே பட்டறையில் தொழில் பழகி, கப்பல் எஞ்சினியரானார். நடுக்கடலில் அல்பட்ராஸ் பறவைகள் இறக்கையை அடிக்காமலே கப்பலோடு மிதந்து வருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் பறக்கும் பித்துப் பிடித்தது. 1907இல் மாதிரி விமானப் போட்டியில் 75 பவுன் ஜெயித்தார். ஆள் ஏறும் விமானத்துக்கு அது எம்மாத்திரம்?

1909இல் லண்டனின் லீ சதுப்பு நிலத்தில், ரயில் பாலத்து வளைவுகளுக்கு அடியில் அவருடைய பட்டறை. கையில் இருந்த எஞ்சின் வெறும் 9 குதிரைத்திறன். இன்றைய 100 சிசி பைக்கைவிட ஒரு பிடி அதிகம், அவ்வளவுதான். எஞ்சினில் வலு இல்லையென்றால் வேகம் வராது. வேகம் பாதியானால் இறக்கை தரும் தூக்குவிசை கால்வாசியாகிவிடும். அதை ஈடுகட்ட இறக்கைப் பரப்பு நான்கு மடங்கு வேண்டும். ஒரே இறக்கையை நீட்டிக்கொண்டே போனால் வளையும்; வளையாமலிருக்கக் கனத்த மரம் போட்டால் எஞ்சின் தூக்காது. ரோ குட்டையான மூன்று இறக்கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் கம்பங்கள் நட்டு, குறுக்கே கம்பி இழுத்துக் கட்டினார். கனம் குறைவு, உறுதி அதிகம். காற்றின் தடை கூடத்தான் செய்யும். அந்த வேகத்தில் அது பெரிய நஷ்டமில்லை. இறக்கைக்குப் போர்த்தியது எண்ணெய்க் காகிதம்!

ஜூலை 13இல் விமானம் 100 அடி தூரம் பறந்தது. 23இல் 900 அடி. பொதுமக்களுக்கு ஆபத்து என்று உள்ளூர் அதிகாரிகள் வழக்குப் போடத் தயாரானார்கள். 25ஆம் தேதி பிரெஞ்சுக்காரர் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அதோடு வழக்கைக் கைவிட்டார்கள்.

பணம் அண்ணன் தம்பி உறவில் வந்தது. சகோதரர் ஹம்ஃப்ரி, கால்சட்டைத் தோள்பட்டி விற்றவர். அந்தப் பட்டியின் பெயரான ‘புல்ஸ்ஐ’யை விமானத்துக்கும் வைத்தார்கள். 1910 ஜனவரி 1இல் இருவரும் மான்செஸ்டரில் கம்பெனி தொடங்கினர். 1913இல் வந்த ஆவ்ரோ 504 எண்ணாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது. 1914இல் ஜெர்மனியின் செப்பெலின் ஆகாயக் கப்பல் தொழிற்சாலையில் குண்டு போட்டது அதுதான். ஆனாலும் அதன் பெருமை, பயிற்சி விமானமாகத்தான். சக்கரங்களுக்கு நடுவே நீண்ட மரச் சறுக்குக்கட்டை ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கற்றுக்குட்டி மூக்கு குப்புற இறக்கினாலும் முன்னால் சுழலும் விசிறி பிழைக்கும்.

1928இல் பங்குகளை விற்றுவிட்டு, வைட் தீவில் பறக்கும் படகுகள் செய்யப் போனார் ரோ. மறு ஆண்டு ‘சர்’ பட்டம். பிற்பாடு, பிரிட்டனில் மோஸ்லி என்ற அரசியல்வாதி நடத்திய பாசிசக் கட்சியை ஆதரித்தார். இறக்கைக் கணக்கில் இருந்த நிதானம் அரசியலில் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையிலிருந்த இரு மகன்களைப் பறிகொடுத்தார். 1958 ஜனவரியில் அவர் காலமானார். கான்பூர் ஆவ்ரோவின் மூல விமானம் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்தது 1960இல்.