7,000 கோடி ரூபாய் வசூல், 13 வருஷ வெயிட்டிங்... ‘ஸ்டார் சிட்டிசன்’ கேம் வருமா, வராதா?

சந்திரயான்-3 விண்கலத்தை நிலவில் இறக்க இந்தியா செலவழித்தது சுமார் 615 கோடி ரூபாய். விண்வெளியில் கப்பல் ஓட்டும் ஒரு வீடியோ கேமுக்கு ரசிகர்கள் கொடுத்த பணம், 2025-லேயே 80 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. நம்ம காசுக்கு ஏறக்குறைய 7,000 கோடி ரூபாய். நிஜ விண்கலம் 2023 ஆகஸ்ட்டிலேயே நிலாவில் இறங்கிடுச்சு. கேம்தான் இன்னும் தரையிறங்கலை.

பேரு ‘ஸ்டார் சிட்டிசன்’. பி.சி-க்காக உருவாகும் ஆன்லைன் மல்டிபிளேயர் கேம். உங்க மொபைலில் ஓடாது. சாதாரண லேப்டாப்பில் போட்டா, ஃபேன் சத்தத்திலேயே வீட்ல எல்லாரும் எழுந்துடுவாங்க. அப்புறம் எதுக்கு இதைப் பத்திப் பேசணும்னு கேட்கிறீங்களா? ‘சீக்கிரமே வரப்போகுது’ன்னு சொல்லி முன்கூட்டியே காசு வாங்குற பழக்கம் இன்னிக்கு கேம் உலகம் முழுக்க வந்தாச்சு. ப்ரீ ஆர்டர் பட்டனை அழுத்துறவங்க, ‘எர்லி ஆக்சஸ்’னு பார்த்ததும் உள்ளே குதிக்கிறவங்க, இன்னும் வராத ஸ்கின்னுக்காக டாப்-அப் பண்ணி வெச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் இந்தக் கதையில் வேலை இருக்கு.

மொய் வரவர மாடி ஏறிய வீடு

கிறிஸ் ராபர்ட்ஸ் என்ற பெயர் உங்க வயசுக்குத் தெரிஞ்சிருக்காது. 1990-ல் வெளிவந்த ‘விங் கமாண்டர்’ என்ற விண்வெளிப் போர் கேமை உருவாக்கியவர். அந்தக் காலத்து பி.சி கேமர்களுக்கு அவர் ஒரு ஸ்டார் டைரக்டர் மாதிரி. நடுவில் சினிமா பக்கம் போயிட்டு, 2012 அக்டோபரில் திரும்பி வந்தார். ‘பெரிய கம்பெனி எதுவும் வேணாம், ரசிகர்களே காசு போடுங்க, கனவு கேமை நான் செஞ்சு தர்றேன்’ என்பதுதான் அவர் வைத்த கோரிக்கை.

கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் அவர் கேட்டது 5 லட்சம் டாலர். கிடைத்தது 21 லட்சத்துக்கும் மேல். சொந்த வெப்சைட்டில் வந்ததையும் சேர்த்தால் ஒரே மாதத்தில் 62 லட்சம். கேம் கைக்கு வரும் என்று அப்போது குறிப்பிட்ட தேதி, 2014 நவம்பர்.

இங்கேதான் சிக்கலே ஆரம்பிக்குது. காசு நிக்கவே இல்லை. ஒவ்வொரு பத்து லட்சம் டாலர் ஏறும்போதும் ‘இதைத் தாண்டினா இந்த வசதியும் சேர்ப்போம்’ என்று புதுசு புதுசாக அறிவிப்பு வந்துக்கிட்டே இருந்தது. ரெண்டு ரூம் வீடு கட்ட ஆரம்பிச்சவர், சொந்தக்காரங்க மொய் வைக்க வைக்க ‘அப்போ இன்னொரு மாடி போட்டுடலாம்’னு சொல்ற மாதிரி. அஸ்திவாரம் ரெண்டு ரூமுக்குப் போட்டது. மாடி மட்டும் ஏறிக்கிட்டே போச்சு.

இதை வெறும் உவமைக்காகச் சொல்லலை. அவங்க தேர்ந்தெடுத்த கேம் இன்ஜின் ‘க்ரை இன்ஜின்’. ஒரு தீவு, ஒரு காடு, அதுக்குள்ள துப்பாக்கிச் சண்டை போன்ற கேம்களுக்குப் பேர்போனது. அதில் முழுக் கிரகங்களையும், அவற்றுக்கு நடுவே லட்சக்கணக்கான கிலோமீட்டர் வெட்டவெளியையும் வைக்கணும்னா அடியோடு மாத்தி எழுதணும். எழுதினாங்க. வருஷங்கள் போச்சு. நடுவில் 2016-ல் அமேசானின் ‘லம்பர்யார்டு’ இன்ஜினுக்கு மாறியதாக அறிவித்தார்கள். உடனே அடுத்த வருஷம் க்ரைடெக் நிறுவனம் கேஸ் போட்டது. 2020-ல்தான் அது சமரசத்தில் முடிந்தது.

பந்திக்கு ஒருத்தர், வடைக்கு இன்னொருத்தர்

தாமதத்துக்கு நிஜமான டெக்னிக்கல் காரணம் ஒண்ணு இருக்கு. அதைப் புரிஞ்சுக்காம இந்த கேமைத் திட்டுறது நியாயம் இல்லை.

நீங்க விளையாடுற பேட்டில் ராயல் மேட்ச்சை எடுத்துக்கோங்க. 100 பேர், ஒரு மேப், ஏறக்குறைய அரை மணி நேரம். மேட்ச் முடிஞ்சதும் எல்லாம் அழிஞ்சிடும். நீங்க கீழே போட்ட துப்பாக்கி நாளைக்கு அங்கேயே இருக்கணும்னு யாரும் எதிர்பார்க்கிறது இல்லை. ஒரு சர்வரே அந்த மேட்ச்சைச் சமாளிச்சிடும்.

ஸ்டார் சிட்டிசன் சொல்லும் கனவு வேற. ஒரே பிரபஞ்சத்தில் எல்லாரும் இருப்பாங்க. நீங்க ஒரு கிரகத்தில் தண்ணி பாட்டிலைக் கீழே போட்டுட்டுப் போனா, அடுத்த வாரம் அது அங்கேயே கிடக்கணும். இது ஒரு சர்வரால் ஆகிற வேலையா? ஆகாது. ஆளும் பொருளும் கூடக்கூட சர்வர் மூச்சு வாங்கும். எதிரி உங்க முன்னாடி சிலை மாதிரி நிப்பான், நீங்க சுட்டா அஞ்சு செகண்ட் கழிச்சு விழுவான்.

இதுக்கு அவங்க சொல்ற தீர்வுதான் ‘சர்வர் மெஷிங்’. கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. ஆயிரம் பேருக்கு ஒரே ஆள் பரிமாற முடியாது. வரிசைக்கு ஒருத்தர்னு பிரிச்சுவிட்டா வேலை நடக்கும். ஆனா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர், இலையோடு எழுந்து இரண்டாவது வரிசைக்குப் போனா? ‘இவருக்கு சாம்பார் போட்டாச்சு, ரசம் பாக்கி’ன்னு முதல் ஆள் ரெண்டாவது ஆளுக்கு அந்த நொடியே சொல்லியாகணும். ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு வடையைத் தூக்கிப் போட்டா, காத்துல இருக்கிற அந்த வடை யார் பொறுப்பு? விண்வெளியில் ஒரு சர்வரின் எல்லையிலிருந்து பக்கத்து சர்வரின் எல்லைக்குள் ஏவுகணை போகும்போது இதே கேள்விதான் வரும். விளையாடுறவருக்கு எல்லையைத் தாண்டினதே தெரியக் கூடாது.

2023 மார்ச்சில் பொருட்களை நினைவில் வைக்கும் தொழில்நுட்பத்தை 3.18 அப்டேட்டில் கொண்டு வந்தாங்க. பல நாள்களுக்கு நிறைய பேரால லாகின்கூட பண்ண முடியலை. சர்வர் மெஷிங்கின் முதல் வடிவம் 2024 டிசம்பரில், 4.0 அப்டேட்டில் வந்தது. அதுவரை ஓர் உலகத்துக்கு 100 பேர் என்றிருந்த அளவு, அதுக்கப்புறம் பல நூறாக ஏறியது. சாதனைதான், மறுக்கவே முடியாது. ஆனால் இப்போதைக்கு எந்த சர்வருக்கு எந்த இடம்னு முன்கூட்டியே பிரிச்சுக் கொடுத்த ஏற்பாடு இது. கூட்டம் ஒரே இடத்தில் குவிஞ்சா, அங்கே கூடுதல் சர்வர் தானாக வந்து கைகொடுக்கணும். அதுதான் கஷ்டமான பாதி, அது பாக்கி.

இதே 4.0-ல்தான் இரண்டாவது நட்சத்திர மண்டலமான ‘பைரோ’வும் வந்தது. 2012-ல் பேசியது 100 மண்டலங்கள். 2024 அக்டோபரில் நடந்த ரசிகர் மாநாட்டில் ‘முழு ரிலீஸ் ஆகும்போது அஞ்சு மண்டலம் இருக்கும்’னு சொல்லிட்டாங்க. 100 எப்படி 5 ஆச்சுன்னு கணக்குப் போட்டா தலை சுத்தும். ஆனா ஒரு விதத்தில் எனக்கு இது நல்ல செய்தியாகவே படுது. முடிக்கணும்னு நினைக்கிறவங்கதானே பட்டியலைக் குறைப்பாங்க?

காகிதக் கப்பல் வியாபாரம்

டெக்னாலஜியைவிடப் பெரிய சந்தேகம், காசு வரும் வழியில் இருக்கு.

இந்த கேமுக்குள்ள நுழைய சுமார் 45 டாலர் போதும். மாசச் சந்தா கட்டாயம் இல்லை. ஆனா வருமானத்தின் முதுகெலும்பு கப்பல் விற்பனை. கேமுக்குள் ஓட்டும் விண்கப்பலை நிஜக் காசு கொடுத்து வாங்கலாம். சில கப்பல்கள் நூற்றுக்கணக்கான டாலர். அதில் பல, விற்கும்போது கேமுக்குள்ள இருக்கவே இருக்காது. ஒரு ஓவியம், கொஞ்சம் விவரம், ஒரு விலை, அவ்வளவுதான். கப்பலைச் செஞ்சு முடிக்கிற வரைக்கும் வேற கப்பல் இரவலா தருவாங்க. 2021-ல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்புக்கு இது புகாராகவே போனது. ‘இந்தக் கப்பல் இன்னும் தயாராகலைன்னு தெளிவா சொல்லுங்க’ என்று அறிவுறுத்திய பிறகு, விளம்பரத்தில் அந்தக் குறிப்பு சேர்ந்தது.

2018-ல் எல்லாக் கப்பல்களையும் சேர்த்து ஒரு பேக் விற்பனைக்கு வந்தது. விலை 27,000 டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் 18 லட்சம் ரூபாய். ஊரில் ஒரு மனை வாங்கலாம். அந்த பேக்கைப் பார்க்கணும்னாகூட, அதுக்கு முன்னாடி 1,000 டாலர் செலவு செஞ்சவராக இருக்கணும். கடைக்குள்ள எட்டிப் பார்க்கவே கட்டணம்!

2022-லிருந்து ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் இப்படி வருது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ‘ஏமாத்துறாங்களா?’ என்பது இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள், பல நாடுகளில் ஸ்டூடியோ, வருஷா வருஷம் வெளியிடும் கணக்கு என்று எல்லாமே கண்ணெதிரில் இருக்கு. கேட்க வேண்டியது வேற. முடிக்காமலே இவ்வளவு வருமானம் வருதுன்னா, முடிக்க என்ன அவசரம்? அதோட, வர்ற காசு சம்பளத்துக்கும் செலவுக்கும் கிட்டத்தட்ட சரியாப் போகுது. கப்பல் வாங்குறவங்களுக்கு ஒரு வருஷம் அலுப்பு வந்துட்டா? அந்த ஆயிரம் பேரின் சம்பளம் எங்கிருந்து வரும்? எனக்கு இந்த ரெண்டாவது கேள்விதான் அதிக பயம் தருது.

இதுக்கு நடுவில் ‘ஸ்க்வாட்ரன் 42’ என்று தனியாளாக விளையாடும் கதை கேம் ஒண்ணும் தயாராகுது. மார்க் ஹாமில், கேரி ஓல்ட்மேன், ஹென்றி கேவில் என்று ஹாலிவுட் பட்டாளமே நடிச்சிருக்கு. 2015-ல் வந்த டீசர் ‘2016’ என்றது. 2024 மாநாட்டில் மேடையிலேயே விளையாடிக் காட்டினார்கள். நடுவில் க்ராஷ் ஆனது. அப்போது அறிவித்த ரிலீஸ் வருஷம் 2026. மல்டிபிளேயர் கேமின் தலையெழுத்தே இதை நம்பித்தான் இருக்குன்னு நினைக்கிறேன். இது நல்லா ஓடினா கப்பல் விற்காமலே காசு வரும், புது ஆட்கள் உள்ளே வருவாங்க. சொதப்பினா, ‘இத்தனை வருஷம் இதுக்குத்தானா?’ன்னு பழைய ஆட்களே கிளம்பிடுவாங்க.

செத்துப்போன கேம்களும் சாகாத கேமும்

மத்த கேம்களோட இதை ஒப்பிட்டா ஒரு வேடிக்கை தெரியும். சோனியின் ‘கான்கார்ட்’ 2024 ஆகஸ்ட் 23-ல் ரிலீஸாச்சு. ஆள் வரலை. செப்டம்பர் 6-ல் மூடிட்டாங்க, காசையும் திருப்பிக் கொடுத்துட்டாங்க. ‘தி டே பிஃபோர்’ 2023 டிசம்பர் 7-ல் வந்தது. காட்டிய ட்ரெய்லருக்கும் வந்த கேமுக்கும் சம்பந்தமே இல்லை. நாலே நாளில் ஸ்டூடியோவே மூடல். எதிர்ப்பக்கம் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ இருக்கு. 2016-ல் வாங்காத திட்டு இல்லை. ஆனா வருஷக்கணக்கா இலவச அப்டேட் கொடுத்துக் கொடுத்தே மரியாதையை மீட்டாங்க.

கவனிச்சீங்களா? இந்த மூணும் ரிலீஸ் என்ற ஒரு பரீட்சையை எழுதின கேம்கள். பாஸோ ஃபெயிலோ, ரிசல்ட் வந்தது. ஸ்டார் சிட்டிசன் இன்னும் ‘ஆல்ஃபா’. பக் வந்தா, ‘ஆல்ஃபாதானே பாஸ்’ என்று பதில் வரும். ஆனா கடை மட்டும் ஆல்ஃபா இல்லை. அது ஒரு நாளும் க்ராஷ் ஆகாம சூப்பரா ஓடுதுன்னு விளையாடுறவங்களே கலாய்ப்பாங்க.

அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. தரையில் நடந்து, கப்பல் ஏறி, லோடிங் ஸ்க்ரீனே இல்லாம வானத்தைக் கிழிச்சுக்கிட்டு விண்வெளிக்குப் போய், நண்பன் பின்னாடி சீட்டில் உட்கார்ந்து பீரங்கி சுடும் அந்த அனுபவத்தை இந்த அளவில் வேற கேமில் பார்க்கிறது கஷ்டம். 45 டாலருக்கு அஞ்சு வருஷமா விளையாடுறேன், இதில் எனக்கு என்ன நஷ்டம்னு கேட்கிறவரிடம் நம்மகிட்ட பதில் இல்லை. நஷ்டம், 45-ல் ஆரம்பிச்சு 4,500-ல் போய் நின்னவருக்குத்தான்.

அப்படி 4,500 டாலர் போட்ட ஒரு அமெரிக்கர், காசைத் திருப்பிக் கேட்டு 2018-ல் கோர்ட்டுக்கே போனார். கேஸ் நிக்கலை. பிரச்னை வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் மத்தியஸ்தரிடம்தான் தீர்த்துக்கணும்னு, அவர் ‘ஐ அக்ரீ’ கொடுத்த விதிமுறையில் இருந்தது. நாம யாருமே படிக்காம ஸ்க்ரோல் பண்ணுவோமே, அதே பக்கம்தான்.

அதனால எந்த கேமுக்கும் முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரீஃபண்ட் விதியைத் தேடிப் படிங்க. எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து கணக்குன்னு பாருங்க. ட்ரெய்லரை விடுங்க, போன வாரம் யாரோ ஒருத்தர் எடிட் பண்ணாம ஸ்ட்ரீம் பண்ணின வீடியோவை அரை மணி நேரம் பாருங்க. இன்னிக்கு இருக்கிற கேமுக்கு அந்த விலை தகுமான்னு மட்டும் யோசிங்க. நாளைக்கு வரப்போறதுக்கு நாளைக்குக் காசு கொடுத்துக்கலாம்.

ஸ்டார் சிட்டிசன்மேல ஆசை அடங்கவே இல்லையா? வருஷத்தில் சில தடவை ‘ஃப்ரீ ஃப்ளை’ன்னு சில நாள்கள் இலவசமா திறந்துவிடுவாங்க. நல்ல பி.சி வெச்சிருக்கிற நண்பன் வீட்டுக்குப் போய் அப்போ ஒரு ரவுண்டு அடிச்சுப் பாருங்க. உங்க ரூமிலிருந்து கப்பல் நிற்கிற தளத்துக்கு லிஃப்ட்டில்தான் போகணும். லிஃப்ட் வந்துச்சுன்னா நீங்க அதிர்ஷ்டசாலி.