சண்டையில்லாத திறந்த உலகங்கள்

வீடியோ கேம்களில் 'திறந்த உலகம்' என்று ஒரு வகை உண்டு. விளையாடுபவரை ஒரு பெரிய நிலப்பரப்பில் இறக்கிவிட்டு, எந்தப் பக்கம் போவது, எதை முதலில் செய்வது என்பதை அவரிடமே விட்டுவிடும் வகை அது. மலை, காடு, ஊர், கடற்கரை எல்லாம் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கும். இந்த வகையில் புகழ்பெற்ற பலவற்றில் அந்த நிலம் முழுக்க எதிரிகள் இருப்பார்கள். வெட்டியும் சுட்டும்தான் முன்னே போக முடியும். கடந்த 10, 15 ஆண்டுகளில் இதிலிருந்து ஒரு கிளை தனியாக வளர்ந்திருக்கிறது. அதில் வாள் இல்லை, துப்பாக்கி இல்லை, பெரும்பாலும் சாவும் இல்லை. நடக்கலாம், ஏறலாம், வண்டி ஓட்டலாம், படம் எடுக்கலாம், வழியில் எதிர்ப்படுபவரிடம் நின்று பேசலாம். வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள், கை வேகம் இல்லாதவர்கள், வன்முறையைத் திரையில்கூடப் பார்க்க விரும்பாதவர்கள் என்று பலர் இவற்றைத் தேடி வருகிறார்கள்.

இந்த விளையாட்டுகளைப் புரிந்துகொள்ள, மற்றவற்றில் சண்டை ஏன் அவ்வளவு இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வடிவமைப்பவருக்குச் சண்டை மிக வசதியான கருவி. ஒரே எதிரியை நூறு இடங்களில் நிறுத்தலாம். ஒவ்வொரு முறையும் மோதல் சற்றே வேறு மாதிரி நடக்கும். வென்றால் பரிசு, தோற்றால் இழப்பு என்பதால் எடுக்கிற முடிவுக்கு ஒரு கனம் கிடைக்கிறது. நேற்று முடியாதது இன்று முடிகிறபோது தன் தேர்ச்சி கூடியிருப்பதும் தெரிகிறது. இத்தனையையும் தருகிற ஒன்றை எடுத்துவிட்டால், மிஞ்சுவது அழகான வெற்று நிலம். அந்த வெற்றிடத்தில் எதை வைக்கிறார்கள் என்பதில்தான் இந்த விளையாட்டுகளின் தரம் இருக்கிறது.

எதையுமே வைக்காமல் விட்டுப் பார்த்தவர்களும் உண்டு. எட் கீ, டேவிட் கனாகா இருவரும் 2013-ல் வெளியிட்ட 'புரோட்டியஸ்' ஒரு தீவு. அங்கே செய்யக்கூடியது நடப்பது, பார்ப்பது, உட்காருவது, அவ்வளவுதான். மரம், மழை, தவளை ஒவ்வொன்றும் அருகில் போகும்போது ஓர் இசையொலி எழுப்பும், பருவங்கள் மாறும். இதை விளையாட்டு என்று சொல்லலாமா என்ற வாதம் அப்போது பலமாகவே நடந்தது. மறுபக்கம், பெரிய நிறுவனங்கள் ஏற்கெனவே கட்டிய உலகத்திலிருந்து சண்டையை மட்டும் கழற்றிக் கொடுத்தன. 'அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ்' விளையாட்டுக்காக யூபிசாஃப்ட் நிறுவனம் தாலமி வம்சத்து எகிப்தை விரிவாக உருவாக்கியிருந்தது. 2018 பிப்ரவரியில், மோதல்களை நீக்கி, 75 சுற்றுலாப் பாதைகளுடன் அதை ஒரு நடமாடும் அருங்காட்சியகமாக வெளியிட்டது. அலெக்சாந்திரியாவின் தெருக்களை யாரும் தாக்காமல் சுற்றிப் பார்க்க முடிவது வகுப்பறைக்கு நல்ல வரவு. ஆனால் விளக்கங்களைக் கேட்டு முடித்தபின் அங்கே தங்குவதற்குக் காரணம் குறைவு.

காரணத்தைக் கண்டுபிடித்துக் காட்டிய விளையாட்டு, கனடாவைச் சேர்ந்த ஆடம் ராபின்சன்-யூ உருவாக்கி 2019-ல் வெளிவந்த 'எ ஷார்ட் ஹைக்'. கிளேர் என்ற இளம் பறவை, வனக்காவலராக இருக்கும் தன் அத்தையோடு ஹாக் பீக் என்ற மலைப் பூங்காவில் விடுமுறையைக் கழிக்கிறது. அது ஒரு முக்கியமான தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கிறது. சிக்னலோ உச்சியில்தான் கிடைக்கும். கதையின் உந்துதல் இவ்வளவே.

உச்சிக்கு ஏறத் தங்க இறகுகள் வேண்டும். ஓர் இறகு கூடினால் இன்னும் கொஞ்ச தூரம் பாறையில் தொற்றி ஏறலாம், இன்னொரு முறை சிறகடித்து எம்பலாம். இறகுகள் பூங்காவெங்கும் சிதறிக் கிடக்கின்றன. சிலவற்றைக் காசு கொடுத்து வாங்கலாம், சிலவற்றைத் தேடி எடுக்கலாம், சிலவற்றை யாருக்காவது உதவிப் பெறலாம். இங்கேதான் நுட்பம் இருக்கிறது. எதிரியை வெல்வதால் வரும் தேர்ச்சிக்குப் பதில், உடம்பு லேசாவதால் வரும் தேர்ச்சி. அரை மணி நேரத்துக்கு முன் அண்ணாந்து பார்த்துவிட்டு விலகிப்போன பாறையில் இப்போது ஏற முடிகிறது. திரையின் மூலையில் வரைபடமும் இல்லை. அதனால் விளையாடுபவர் கலங்கரை விளக்கம், ஓடை, கல்லறைத் தோட்டம் என்று அடையாளங்களை நினைவில் வைத்து வழி கண்டுபிடிக்கிறார். சீக்கிரமே அந்த இடம் அவருக்குத் தெரிந்த ஊராகிவிடுகிறது. உச்சியைத் தொட்டபின் காற்றில் மிதந்தபடி, தான் ஏறிவந்த வழி முழுவதையும் மேலிருந்து பார்த்துக்கொண்டே இறங்கலாம். எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் 2020-ம் ஆண்டின் தலைமைப் பரிசு இதற்குக் கிடைத்தது. பெரும்பாலும் ஒருவரின் கையில், சில மாதங்களில் உருவான விளையாட்டு என்பதை நினைத்தால், அந்தப் பரிசு முழுக்கத் தகுதியானது.

உடலின் இயக்கத்துக்குப் பதில் பார்வையை மையமாக வைத்தவை இன்னொரு வகை. 2019-ல் வந்த 'ஈஸ்ட்ஷேட்'-இல் விளையாடுபவர் ஓர் ஊர்சுற்றி ஓவியர். இறந்துபோன தாய்க்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற, அவர் நேசித்த தீவுக்கு வந்து படம் வரைகிறார். கான்வாஸும் உள்ளத் தூண்டுதலும் அளவோடுதான் கிடைக்கும் என்பதால், எந்தக் காட்சி வரையத் தகுந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனைதான் பார்ப்பதை விளையாட்டாக்குகிறது. 2020 டிசம்பரில் லண்டனின் அஸ்டூ நிறுவனம் வெளியிட்ட 'ஆல்பா'வில், தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்த சிறுமி ஒரு மத்தியதரைக் கடல் தீவில் பறவைகளையும் விலங்குகளையும் போன் கேமராவில் படம் எடுத்துப் பெயர் கண்டுபிடிக்கிறாள். சரணாலயத்தை அழித்து ஹோட்டல் கட்டும் திட்டத்துக்கு எதிராக ஊராரிடம் கையெழுத்து வாங்குகிறாள். குருவியின் குரலை வைத்தே அது இருக்கும் மரத்தைத் தேடப் பழகிய குழந்தை, வெளியிலும் அதே காதோடு நடக்க வாய்ப்புண்டு.

மூன்றாவது வகையில் இருப்பது வேலை. செக் நாட்டின் எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் 2012-ல் வெளியிட்ட 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2'-இல், ஐரோப்பாவின் சாலைகள் ஏறத்தாழ 1:19 அளவில் சுருக்கித் தரப்பட்டிருக்கின்றன. சரக்கேற்றி, வேக வரம்பை மதித்து, தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டி, ரேடியோ கேட்டபடி போக வேண்டும். வேலையில் களைத்தவர்கள் இன்னொரு வேலையைப் போய்ச் செய்வது வியப்பாகத் தோன்றலாம். இங்கே வேலை தெளிவானது, முடிவுள்ளது, உழைப்புக்கான பலன் கண்முன் தெரிவது. நிஜ வேலையில் அரிதாகக் கிடைக்கும் மூன்றும் இதில் சேர்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் இதற்குச் சமமான ஈர்ப்பைப் பெற்றது, மாலியோ நிறுவனம் 2017-ல் மொபைலுக்கு வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'. வண்டியின் வண்ணத்தை விளையாடுபவரே வடிவமைக்கலாம் என்பதால், நம் அரசு விரைவுப் பேருந்துகளின் நிறங்களையும் ஆம்னி பஸ்களின் அலங்காரங்களையும் இளைஞர்கள் நுணுக்கமாக வரைந்து பகிர்ந்துகொள்கிறார்கள். சாலை ஜாவாவுடையது, ஓடுவது நம் ஊர் பஸ். பஸ் மேல் இந்த மண்ணில் இருக்கும் காதலுக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இவை மனதை ஆற்றுவதாகப் பலரும் சொல்வதற்கு உளவியலில் ஓரளவு ஆதாரம் உண்டு. ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதியர் 1989-ல் விரிவாக எழுதிய கோட்பாட்டின்படி, வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகக்கூடியது. மேகம், நீர், இலையசைவு போன்றவை அதிக முயற்சி கேட்காமல் கண்ணைப் பிடித்து வைப்பதால் அந்தக் கவனத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. அதற்கு முன்பே, 1984-ல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு, பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களை ஒப்பிட்டது. ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறைகளில் இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தபடி கிடந்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினார்கள். ஆனால் இரண்டும் உண்மையான இயற்கையைப் பற்றியவை. திரையில் வரைந்த காட்டுக்கு அவற்றை அப்படியே பொருத்திவிட முடியாது. அங்கே வெயில் இல்லை, மண்வாசனை இல்லை, உடம்பு நாற்காலியை விட்டு அசைவதும் இல்லை.

இந்த விளையாட்டுகளின் குறைகளில் முதன்மையானது, வெற்றிடத்தை ஏவல் வேலைகளால் நிரப்புவது. அவருக்குப் பத்துக் காளான், இவருக்கு ஐந்து மீன் என்று கேட்டு விளையாடுபவரை நிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட வைக்கும் விளையாட்டுகள் ஏராளம். உலகம் பெரிதாகப் பெரிதாக இந்த நோய் முற்றுகிறது. லண்டனின் ஷெட்வொர்க்ஸ் 2021-ல் வெளியிட்ட 'சேபிள்', பிரெஞ்சு சித்திரக் கதைகளின் சாயலில் வரைந்த பாலைவனத்தை ஒரு பெண் மிதவை வண்டியில் கடக்கும் அழகிய படைப்பு. கீழே விழுந்தாலும் அடிபடாது, பயணத்தை எப்போது முடிப்பது என்பதும் அவள் விருப்பம். ஆனால் வழியில் நீண்ட தூரங்களுக்கு மணலைத் தவிர ஒன்றும் இல்லை. வெளியானபோது இருந்த தொழில்நுட்பப் பழுதுகள், நிதானமாக ஓட்டிப் போகும் அந்த ஒரே இன்பத்தையும் குலைத்தன. சண்டையுள்ள விளையாட்டில் சொதப்பலான நடையை மோதலின் பரபரப்பு மறைத்துவிடும். இங்கே மறைக்க எதுவும் இல்லை.

ஆயுதம் இல்லாததும் அமைதியும் ஒன்று என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுவதும் உண்டு. 'சப்நாட்டிகா' (2018) விளையாட்டில் துப்பாக்கியே வைக்கக் கூடாது என்று அதன் இயக்குநர் சார்லி கிளீவ்லேண்ட் முடிவெடுத்ததற்கு, 2012-ல் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூடு ஒரு காரணம். மதிக்கத்தக்க முடிவு அது. இருந்தாலும் இருண்ட ஆழ்கடலில் பிராணவாயு தீர்ந்துகொண்டிருக்க, பின்னால் ஏதோ உறுமுவது அமைதியான அனுபவம் இல்லை. 'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019) விளையாட்டிலும் சண்டை கிடையாது. 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் அழியும்.

இன்னொரு ஆபத்து, ஓய்வு கடமையாக மாறுவது. 2020 மார்ச் 20-ல், ஊரடங்கின் தொடக்கத்தில் வெளியான நின்டெண்டோவின் 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' 4 கோடிக்கும் மேல் விற்றது. குடும்பத்தைப் பிரிந்து கியோட்டோவுக்கு வேலைக்கு வந்த வடிவமைப்பாளர் கத்சுயா எகுச்சியின் தனிமையில் கருக்கொண்ட தொடர் அது. வீட்டில் அடைபட்ட கோடிக்கணக்கானவர்கள் ஒருவர் தீவுக்கு மற்றவர் விருந்துக்குப் போனார்கள். ஆனால் அந்தத் தீவு நிஜக் கடிகாரத்தின்படி ஓடுகிறது. சில நாள் போகாவிட்டால் களை மண்டிக் கிடக்கும். பலருக்கு அது தினமும் கூட்டிப் பெருக்க வேண்டிய இன்னொரு வீடாகிவிட்டது.

ஆக்ஸ்ஃபோர்டு இணைய ஆய்வு நிறுவனத்தின் முடிவுகள் இங்கே உதவும். 2020-ல், நிறுவனங்களே கொடுத்த விளையாட்டு நேரப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வில், 'அனிமல் கிராசிங்' உள்ளிட்ட இரண்டு விளையாட்டுகளில் கூடுதல் நேரத்துக்கும் நல்ல மனநிலைக்கும் சிறிய தொடர்பு தெரிந்தது. 2022-ல் ஏறக்குறைய 39,000 பேரை, கார்ப் பந்தயமும் துப்பாக்கிச் சண்டையும் அடங்கிய ஏழு விளையாட்டுகளில் தொடர்ந்து கவனித்தபோது, நேரம் மனநிலையை மாற்றியதாகத் தெரியவில்லை. ஒருவர் எதனால் விளையாடுகிறார் என்பது பொருட்படுத்தத்தக்கதாக இருந்தது. பிடித்ததால் விளையாடியவர்கள் நன்றாக இருந்தார்கள். விளையாடியே ஆக வேண்டும் என்ற உந்துதலோடு விளையாடியவர்கள் அவ்வளவு நன்றாக இல்லை.

மொழியும் ஒரு தடை. உரையாடலை நம்பி நடக்கும் இந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றில் தமிழ் இல்லை. ஆங்கிலம் சரளமாக வராதவருக்கு 'எ ஷார்ட் ஹைக்'கின் பாதி இனிமை எட்டாமல் போகும். பஸ் ஓட்டும் விளையாட்டு நம் ஊரில் இவ்வளவு பரவியதற்கு, அதில் படிக்க அதிகம் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் நிலப்பரப்பின் அளவையும் நூறு மணி நேர விளம்பரத்தையும் பார்த்து வாங்க வேண்டாம். நடை சுகமாக இருக்கிறதா, தினமும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்துகிறதா, முடிவு என்று ஒன்று இருக்கிறதா என்று விசாரித்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும் சிறிய ஒன்றிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.