உடற்கல்வி ஆசிரியருக்கு முதல் உதவி

எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த உடற்கல்வி ஆசிரியர் தன் பதிவுக் கொப்பியை என்னிடம் நீட்டினார். "சேர், இந்தக் கிழமை என்ட பாடம் எத்தின நடந்திருக்கு எண்டு பாருங்க." ஒன்றே ஒன்று. மற்ற வேளைகளில் வராத ஆசிரியர்களின் வகுப்புக்குப் போயிருந்தார். தமிழ் முடியவில்லையென்று ஒரு பாடவேளையை வாங்கியவன் நான்தான்.

தேசிய கல்வியியற் கல்லூரியில் 2 ஆண்டு படிப்பு, 3ஆம் ஆண்டு பாடசாலையில் பயிற்சி, அதன்பின்னரே நியமனம். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டம் பெற்று வருவோரும் உளர். நாளடைவில் ஆசிரிய ஆலோசகராகலாம். போட்டிப் பரீட்சை எழுதிக் கல்வி நிருவாக சேவைக்கும் போகலாம். ஆனால் பாடமே நடத்தாதவர் நாளை யாருக்கு ஆலோசனை சொல்வது?

'சுகாதாரமும் உடற்கல்வியும்' 6 முதல் 9ஆம் தரம் வரை எல்லோருக்கும் உரியது. சாதாரண தரத்தில் விருப்பப் பாடம். அந்த நான்கு ஆண்டும் திடலைக் காணாத பிள்ளை பிறகு அதை ஏன் தெரிவு செய்யப்போகிறது? நம் பெண்பிள்ளைகளுக்கு மறைவான இடமும் ஓர் ஆசிரியையும் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

புதியவருக்குப் பெரிய உதவி ஒன்றும் வேண்டாம். நேரசூசியில் உள்ள பாடவேளையை அவரிடமே விடுங்கள். பக்கத்துப் பாடசாலையின் அனுபவசாலி ஒருவரைத் தவணைக்கு ஒருமுறையாவது அழைத்து அவரோடு பேச வையுங்கள். விளையாட்டுப் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடு போட மட்டும் அவரைத் தேடாதீர்கள்.

வாங்கிய பாடவேளையை அடுத்த கிழமையே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தமிழை என் நேரத்துக்குள் முடிப்பது என் பொறுப்பு.